பள்ளத்து மெர்லோ

திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த பெய்ருசாக் ஊரில் மைத்தே லார்த்திகோவைப் பார்த்து "இந்த ஒயின் எப்படி இருக்கு?" என்று கேட்டவர், அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகும்வரை, ஒருவர்கூடக் கிடையாது. "கறி வெந்துடுச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். "பீப்பாய் கழுவியாச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். "உன் புருஷன் எங்கே?" என்பதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். முப்பத்துநான்கு வருடம் அந்தப் பெண் கொடிகளைக் கவாத்து செய்தாள், கம்பியில் கட்டினாள், குலை அறுத்தாள், குளிர்காலத்தில் பீப்பாய்களை வெந்நீர் விட்டு உருட்டி உருட்டிக் கழுவினாள். அவளுக்கும் வாயில் நாக்கு என்று ஒன்று இருக்கும் என்பது ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லை!

அவள் கணவன் ஈவோனின் நாக்கோ ஊருக்கே பிரசித்தம். ஒரு ஞானஸ்நான விருந்தில், கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே "தக்கை கெட்டிருக்கு, யாரும் குடிக்காதீங்க" என்று கீழே வைத்துவிட்டான். விருந்து கொடுத்தவர் முகம் கறுத்துப் போயிற்று. அடுத்த பாட்டிலைத் திறந்து இரண்டையும் குடித்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு வித்தியாசமே தெரிந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டில் புதுப் பீப்பாய் திறந்தாலும் முதல் கோப்பை ஈவோனுக்குத்தான்.

கெட்ட மனிதன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மைத்தே கை மணிக்கட்டை முறித்துக்கொண்ட வருடம், ஆறு வாரம் அவளுக்குத் தலை வாரிவிட்டவன் அவன். கோணல் மாணலாகத்தான் வாரினான், ஆனாலும் ஒரு நாள் தவறவில்லை. அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் மெர்லோ என்ற திராட்சை வகையின் பெயரை எடுத்தால் போதும், அந்த நல்ல மனிதன் எங்கோ காணாமல் போய்விடுவான்.

"மெர்லோவா? பல்லில்லாதவன் குடிக்கறது அது. கபெர்னேதான் திராட்சை. மத்ததெல்லாம் ஜூஸ்."

அவன் சரளை மேட்டுக் குடும்பம். ஆற்றைப் பார்த்த அந்த மேட்டில் கூழாங்கல்லுக்கு நடுவே வேரோடிய கபெர்னே கொடிகள்தான் அவர்களுடைய பெருமை. மைத்தே பள்ளத்துக்காரி. சதுப்புக் கால்வாய் ஓரம், களிமண், காலையில் பத்து மணிவரை பனி மூடியிருக்கும். மேட்டுக்காரர்கள் பள்ளத்துக்காரர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். கல்யாணத்தின்போது அவளோடு வந்தது அங்கே ஒன்றேகால் ஏக்கர் மெர்லோ. நகராட்சிப் பதிவேட்டில் இன்றுவரை அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் 'என்னுடையது' என்ற வார்த்தை அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. எல்லாம் 'நம்ம' தோட்டம், எல்லாம் ஈவோன் ஒயின்.

போன டிசம்பரில், சூப் கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்ததோடு ஒரு வாய் சிவப்பு ஒயினை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டே ஈவோன் சொன்னான்:

"ஜனவரிக் கடைசியில அதெலீனோ மெஷினோட வர்றான். பள்ளத்துக் கொடியைப் பிடுங்கிடலாம். கபெர்னே வைக்கலாம்."

மைத்தே கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "அங்க கபெர்னே பழுக்காது ஈவோன். களிமண்ணு, குளிர்ச்சி. குடைமிளகாய் வாசம்தான் வரும்."

"அது எங்கப்பா காலத்துல. இப்பதான் வெயில் கொளுத்துதே, எல்லாம் பழுக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்கத்தானே இப்ப சொல்றேன்" என்றான் அவன், ஒரு துளி கபடம் இல்லாமல்.

'நிலம் என் பேரில் இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் எழுந்து கிண்ணங்களைக் கழுவப் போய்விட்டாள். அன்று அவளுக்குத் தன்மேலேயே வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதைச் சொல்ல மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் ஈவோன் மெர்லோவில் ஒரு கை அளவு மட்டும் கபெர்னேயில் சேர்ப்பான், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டே. மிச்சம் வியாபாரியின் டேங்கர் லாரியில் ஏறிப் போய்விடும். அந்த வருடம் பள்ளத்துப் பழம் அபாரமாகப் பழுத்திருந்தது. குலை அறுக்கும்போது ஒன்றை வாயில் போட்டு, தோலை மென்று, விதையைக் கடித்துப் பார்த்தவள் அவள். டேங்கர் வந்த அன்று ஒரு பீப்பாய் மெர்லோவை மட்டும் ஏற்றாமல் நிறுத்திவிட்டாள். பீப்பாய்கள் அவள் பொறுப்பு, ஈவோன் எண்ணிப் பார்ப்பதில்லை. கபெர்னேக்கும் பஞ்சமில்லை. பீப்பாயில் வற்றுகிறதை நிரப்புவதற்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்களே, அதில் மிஞ்சுவது எப்போதும் சமையல்கட்டுக்குத்தான் வரும்.

ஜாமுக்குச் சர்க்கரை அளக்கும் கண்ணாடிக் குவளையை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கபெர்னேயை மட்டும் முதலில் குடித்தாள். கருந்திராட்சை ஜாம் வாசம், சீவின பென்சில் வாசம். நாக்கில் பட்டதும் ஒரு அடி அடிக்கிறது. கடைசியில் கடுந்தேநீர் குடித்த மாதிரி ஈறெல்லாம் துவர்க்கிறது. ஆனால் அடிக்கும் துவர்ப்புக்கும் நடுவே ஒரு பள்ளம், அங்கே ஒன்றுமே இல்லை. மெர்லோ நேர் எதிர். வாய் நிறைய வந்து நிரம்புகிறது, அப்புறம் எங்கே போவதென்று தெரியாமல் கலைந்துவிடுகிறது. கபெர்னே ஒன்பதுக்கு மெர்லோ ஒன்று கலந்து பார்த்தாள். எட்டுக்கு இரண்டு. ரொட்டியைக் கடித்து வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி. பதினோராவது தடவை, மெர்லோ ஆறு, கபெர்னே நாலு. வாயில் வைத்ததும் அது உட்கார்ந்தது. முன்னால் இருந்தது, நடுவில் இருந்தது, விழுங்கிய பிறகும் போக மனமில்லாமல் இருந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். கூடவே, திருட்டுத்தனம் செய்துவிட்ட மாதிரி ஒரு பயமும்.

ஒன்றரை வருடம் மரப் பீப்பாயில் வைத்திருந்து, பாட்டிலில் அடைத்து, பழைய பிழிபொறிக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடினாள். லேபிள் கிடையாது. யாருக்காக அடைத்தோம் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

ஜனவரியில், திராட்சைக்காரர்களின் புனிதர் வின்சென்ட் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, பெய்ருசாக்கில் காலுறை விருந்து. வீட்டுக்கு ஒரு பாட்டில், மூன்று வருடத்துக்கு முந்தைய அறுவடை. தபால்காரி உகெத்துக்குச் சொந்தமாக ஒரு கொடிகூடக் கிடையாது, அதனால் அவள்தான் நடுவர். ஊர் மன்றத்துச் சமையலறையில் எல்லா பாட்டிலையும் வாங்கி, வேட்டைக்காரர்கள் போடும் நீளக் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, கலைத்து, எண் கட்டி வெளியே கொண்டு வருவாள். ஒவ்வொன்றையும் ஆண்கள் எல்லோரும் குடித்துப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் காலுறை கழலும். "இது என்னோடது" என்று யாராவது உரிமை கொண்டாடி அது சரியாக இருந்தால் கைதட்டு. தப்பாகப் போனால், அந்த ஒயினைச் செய்தவரின் தோட்டத்தில் அடுத்த ஞாயிறுக்குள் ஒரு நாள் முழுக்க உழைக்க வேண்டும். ஆகவே புத்தியுள்ளவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஈவோன் மட்டும் ஒவ்வொரு வருடமும் உரிமை கொண்டாடுவான். பதினோரு வருடமாக ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்த ஞாயிறு மைத்தே தன் கூடையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து உகெத் முன்னால் வைத்தாள். ஒன்றில் வீட்டு லேபிள். இன்னொன்றின் கழுத்தில் நூலில் கட்டிய காகிதத் துண்டு. உகெத் அதைப் படித்தாள், மைத்தேயைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு ஒண்ணுதான் மைத்தே."

"அது வேற நிலம். பதிவேட்டைப் போய்ப் பாரு."

உகெத் ஒரு காலுறையை உதறி எடுத்தாள். "முப்பது வருஷமா உன் வீட்டுக்குத் தபால் கொண்டு வர்றேன். ஒண்ணுகூட உன் பேருக்கு வந்ததில்ல. கொடு இங்க."

வெள்ளிக்கிழமை வரைக்கும் மைத்தேக்கு இந்த எண்ணமே இல்லை. அடுத்த வியாழக்கிழமை மெஷின் வருகிறது என்று ஈவோன் நாட்காட்டியில் வட்டம் போட்டதைப் பார்த்த பிறகு வந்தது. கொடியைப் பிடுங்குவதற்கு முன்னால் அவன் வாயால் ஒரு தடவை அதை நல்லது என்று சொல்லட்டும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது.

ஒன்பது காலுறைகள் மேஜைக்கு வந்தன. வெளியே கொடிக்குச்சித் தணலில் கறி வெந்துகொண்டிருந்தது, பெண்கள் வழக்கம்போல உள்ளே வெளியே நடந்துகொண்டிருந்தார்கள். ஈவோன் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் வைத்து மென்று, மரத்தூள் வாளியில் துப்பினான். மூன்றாவது வந்தபோது புருவத்தைச் சுருக்கினான்.

"யாரோ பாவம். வாசம் நல்லா இருக்கு. முன்னால ஆள் இருக்கு, பின்னால ஆள் இருக்கு, நடுவுல ஒருத்தரும் இல்ல."

"உனக்கு எதுதான்யா பிடிச்சிருக்கு?" என்றான் எதிரில் உட்கார்ந்திருந்த ரெஜிஸ். பக்கத்துத் தோட்டக்காரன், ஈவோனை வம்புக்கிழுப்பதையே ஞாயிற்றுக்கிழமைத் தொழிலாக வைத்திருப்பவன்.

"நல்லது வந்தா சொல்றேன். நீ கொண்டு வந்ததை இன்னும் குடிக்கல போல இருக்கு, வயிறு கலக்கல."

ஏழாவது காலுறை வந்தது. ஈவோன் முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். வாயில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். வாளி பக்கத்திலேயே இருந்தது, அவன் துப்பவில்லை. விழுங்கிவிட்டான். மேஜை முழுக்க அதைப் பார்த்தது. காலுறை விருந்தில் ஈவோன் லார்த்திகோ விழுங்கி யாரும் பார்த்ததில்லை.

கறித்தட்டோடு உள்ளே வந்த மைத்தே கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"இதுதான்" என்றான் ஈவோன் மெதுவாக. "கபெர்னேன்னா இதுதான். மேட்டுச் சரளை. நடுவுல பாருங்க, எப்படி நிறைஞ்சு நிக்குதுன்னு. ஒரு சொட்டு மெர்லோ கிடையாது." கோப்பையை மேஜைமேல் ஓங்கி வைத்தான். "இது என்னோடது."

அட கடவுளே! அவன் புகழட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். உரிமை கொண்டாடுவான் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஊர் முன்னால் அவன் மூக்கறுபட்டு நிற்பதைப் பார்க்கவா கொண்டு வந்தாள்? தட்டை அப்படியே வைத்துவிட்டு மேஜையருகே வந்தாள்.

"ஈவோன், அவசரப்படாதே. இன்னொரு வாய் குடிச்சுப் பாரு."

"எதுக்கு? என் வீட்டுப் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியாதா?"

உகெத் காலுறையைக் கழற்றினாள். லேபிள் இல்லாத வெறும் பாட்டில். கழுத்துக் காகிதத்தைப் பிரித்து, தந்தி படிக்கிற குரலில் படித்தாள்: "மைத்தே லார்த்திகோ. பள்ளம்."

எல்லோரும் கழுத்தை நீட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள். அப்புறம் மன்றக் கூரை பறந்துவிடும் போல ஒரு சிரிப்பு. ரெஜிஸ் பாய்ந்துபோய் மூன்றாவது காலுறையைத் தானே உருவினான். ஈவோன் வீட்டு லேபிள்! ரெஜிஸ் மேஜையில் குத்திக் குத்திக் கண்ணீர் வரச் சிரித்தான்.

"நடுவுல ஆளே இல்லைன்னியே! அந்த ஆள் இத்தனை வருஷமா பள்ளத்துல உட்கார்ந்திருக்காரு!"

ஈவோன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மனைவியை நிமிர்ந்து பார்த்தான். யாரோ ஊருக்குப் புதிதாக வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"எவ்வளவு மெர்லோ?"

"பத்துக்கு ஆறு."

தலையை ஆட்டினான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டான்.

பின்னாலேயே போகத்தான் மைத்தே திரும்பினாள். உகெத் அவள் தோளைப் பிடித்து அழுத்தி ஈவோன் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். ரெஜிஸ் எட்டாவதை அவள் கோப்பையில் ஊற்றினான். சிரிப்பு நின்றிருந்தது.

"நீ சொல்லு மைத்தே. இது எப்படி?"

ஐம்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. அவள் குடித்தாள், மென்றாள், வாளியில் துப்பினாள். "பழுக்கறதுக்கு நாலு நாள் முந்தியே அறுத்துட்டாங்க. விதை இன்னும் பச்சையா இருந்திருக்கு" என்றாள். காலுறை கழன்றது. அது ரெஜிஸ் ஒயின். அவன் காதைச் சொறிந்துகொண்டு, "அந்த வாரம் மழை வரும்னு பயந்துட்டேன்" என்று ஒப்புக்கொண்டான். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கண் முழுக்கக் கதவின் மேலேயே இருந்தது, அது திறக்கவே இல்லை.

திங்கள், செவ்வாய், புதன். ஈவோன் சாப்பிட்டான், கிடங்குக்குப் போனான், வந்தான். காலுறை விருந்தைப் பற்றி மூச்சில்லை. மேஜைமேல் அந்த ஏழாவது பாட்டிலின் மிச்சத்தை மைத்தே வைத்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அது காலியாக இருந்தது, யார் குடித்தது என்று இருவருமே பேசவில்லை. பந்தயப்படி ஒரு நாள் உழைக்க வேண்டும் என்று நினைவுபடுத்தலாமா? பிடுங்கப் போகிற கொடிக்கு என்ன உழைப்பு? கேட்டால் பழிக்குப் பழி மாதிரி இருக்கும். நான் அவனை அவமானப்படுத்திவிட்டேன், இனி அந்தக் கொடிகளுக்காகப் பேசும் வாயையும் நானே அடைத்துக்கொண்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை அதெலீனோ போன் செய்தான். போர்ச்சுகலிலிருந்து வந்து இந்த ஊரிலேயே ஊறிப்போன மெஷின்காரன்.

"அக்கா, நாளைக்குக் காலைல வந்துடறேன். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

சொன்னாள். "தெரியும்" என்றான் ஈவோன், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

இப்போதாவது சொல்லு, வேண்டாம் என்று சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது. "தெரிஞ்சா சரி" என்று மட்டும்தான் வந்தது.

வியாழக்கிழமை அவள் எழுந்தபோது அவன் பக்கம் காலியாக இருந்தது. பூட்ஸும் இல்லை. மெஷினுக்கு வழிகாட்டப் போயிருப்பான். காபியைக் குடிக்க முடியாமல் கொட்டினாள். பீப்பாய் கழுவ வெந்நீர் போட்டாள். எட்டு மணி வாக்கில் பள்ளத்துப் பாதையில் லாரி இறங்கும் சத்தம் கேட்டது. இதோ, இப்போது ஆரம்பிக்கும் என்று கையைக் காதில் வைக்காத குறையாக நின்றாள். சத்தம் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மெஷின் கிளம்பவே இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள்.

பனி இன்னும் விலகவில்லை. தோட்ட முனையில் லாரி நின்றது, மெஷின் அதன் மேலேயே இருந்தது. அதெலீனோ இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வாங்கக்கா. நீங்களாவது ஒரு வழி சொல்லுங்க. எங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்னு அண்ணனைக் கேட்டா, 'நான் இன்னைக்கு இங்க கூலிக்கு வந்தவன், எனக்கென்ன தெரியும், முதலாளியம்மாவைக் கேளு'ங்கறாரு. காலைலயே குடிச்சிருக்காரா?"

இரண்டாவது வரிசையின் நடுவில் ஈவோன் குனிந்திருந்தான். முதல் வரிசை முழுக்கக் கவாத்து ஆகியிருந்தது. வெட்டிய குச்சிகள் கட்டுக் கட்டாக வரிசை ஓரம் கிடந்தன. இருட்டு பிரிவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும், முழங்கால்வரை களிமண் அப்பியிருந்தது. தலையை அவன் நிமிர்த்தவில்லை.

மைத்தே அதெலீனோவிடம் திரும்பினாள். 

"மெஷினைத் திருப்பிக்கோ அதெலீனோ. இது என் நிலம். இங்க பிடுங்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

லாரி திரும்பி மேடேறும் வரை நின்றுவிட்டு, வரிசைக்குள் இறங்கி நடந்தாள். ஈவோன் ஒரு கொடியைப் பிடித்தபடி கத்திரியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். இன்னும் அவளைப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"இந்த மண்ணு எனக்குப் பழக்கமில்ல" என்றான். "இதுல எத்தனை மொட்டு விட்டு வெட்டணும்?"

அவள் ஏப்ரன் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, கொடியின் மொட்டுகளை விரலால் எண்ணினாள்.

"நாலு. நாலு போதும்."

அவன் நாலு விட்டு வெட்டினான்.